அம்மனுக்குள் ஓர் 'அன்', பெருமாளுக்குள் ஓர் 'ஆள்'

கோவில்பட்டியில் ஆட்டோ ஒன்றில் ஏறி, "பூவனநாத சுவாமி கோயிலுக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் ஒரு நொடி நெற்றியைச் சுருக்குவார். பிறகு முகம் தெளிந்து, "செம்பகவல்லி அம்மன் கோயிலுன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று திருத்திவிட்டு வண்டியைக் கிளப்புவார். கோயிலின் முழுப்பெயரோ வேறு வகையாக ஓடுகிறது: செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி திருக்கோயில்.

சொல்லன்பர்களே, இந்த நீண்ட பெயரை ஆற அமரப் பிரித்துப் பார்ப்போம். 'உடனுறை' என்பது வினைத்தொகை. உறைந்தாள், உறைகிறாள், உறைவாள் என்று மூன்று காலமும் அதற்குள் கரந்து நிற்கின்றன. அழகான சொல்தான், ஆனால் அது சத்தமில்லாமல் ஒரு வேலை செய்கிறது. அம்மனை அடைமொழியாக்கி, பூவனநாதரைத் தலைச்சொல்லாக்கிவிடுகிறது. எழுத்தின்படி வீடு அவருடையது, அவள் உடனிருப்பவள். கோவில்பட்டி மக்களின் வாய் அந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தி, தலைச்சொல்லைக் கழற்றி வைத்துவிட்டு, அடைமொழியையே பெயராக்கிக்கொண்டது. மதுரையில் சொக்கநாதருக்கும் இதே கதி. 'உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?' என்று புதுமணத் தம்பதியைச் சீண்டும் வழக்கில் மதுரை எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பெயரின் உறுப்புகளையும் தொட்டுக்கொள்வோம். பூவனநாத சுவாமியில் 'பூ' ஒன்றே தமிழ். வனமும் நாதனும் சுவாமியும் வடக்கிலிருந்து வந்தவை. செண்பகமும் வடசொல்தான் என்றாலும், குறிஞ்சிப்பாட்டின் பூவடுக்கில் சண்பகமாக இடம்பிடித்துவிட்ட பழைய விருந்தாளி. 'வல்லி' வடமொழிக் கொடி. ஆனால் நம் 'வள்ளி'யே அங்கே போய் ளகரத்தைத் தொலைத்துவிட்டு வல்லியாகத் திரும்பி வந்தாள் என்று கருதும் சொல்லறிஞர்கள் உண்டு. அப்படியானால் பிறந்தகம் திரும்பிய பெண்ணைத்தான் கோவில்பட்டி கொண்டாடுகிறது.

இனிக் கேள்விக்கு வருவோம். எல்லாம் கடந்தது, உருவமற்றது, குணமற்றது என்று எவ்வளவோ சொல்லிவிட்டு, வாயெடுத்தால் கடவுளை 'அவன்' என்கிறோமே, அந்த ஆண்பால் எங்கிருந்து வந்தது? இலக்கணம் தந்ததா என்றால், இல்லை. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, மக்களுக்குரிய பால் ஈறுகளையே வாங்கிக்கொண்டு அவை நடக்கும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே விதித்துவிட்டார். தெய்வம் தமிழில் இரவல் சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது. அது ஆண் சட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பிறகு யாருடைய அலமாரியிலிருந்து எடுத்தோம்?

விடை ஊர்ப்பெயரிலேயே கிடக்கிறது. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கோ வாழ்ந்த இல் கோயில். அரண்மனைக்கு வழங்கிய சொல் பின்னாளில் இறைவன் வீட்டுக்குப் பெயராயிற்று. (ஓகார ஈற்றின் முன் உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தோன்றுவதே பொதுவிதி, ஆகவே 'கோவில்' விதிப்படி வந்தது, 'கோயில்' வழக்கால் நின்றது. ஊர்ப்பலகை விதியின் பக்கம், என் கை வழக்கின் பக்கம். முழு விதி பார்த்தால் கோவிற்பட்டி என்றல்லவா வரவேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள்; லகரத்தை அந்த ஊர் விட்டுக்கொடுக்கவில்லை.) கோயில் மட்டுமா மாறியது? அதற்குள் இருந்த சொற்கள் எல்லாம் வண்டிவண்டியாக அரண்மனையிலிருந்து கருவறைக்குப் பெயர்ந்தன. இறை என்பது ஆள்பவனுக்கும் அவனுக்குச் செலுத்தும் வரிக்கும் பெயர். திருக்குறளில் இறைமாட்சி என்னும் அதிகாரம் அரசனைப் பற்றியது. நாயகன், பிரான், பெருமான், உடையான், ஆண்டவன் என்று எதைத் தட்டினாலும் அரியணையின் ஓசை கேட்கிறது. தொல்காப்பியம் நான்கு நிலங்களுக்கு வைத்த தெய்வங்களில் மருதத்துக்கு உரியவனின் பெயரே வேந்தன்தான். மற்ற மூவர் மாயோன், சேயோன், வருணன். நானிலத்துக்கும் நால்வர், நால்வரும் ஆண்கள். பாலைக்கு அங்கே தெய்வம் சொல்லப்படவில்லை. பிற்காலத்தார் அந்த வறண்ட நிலத்தைக் கொற்றவையிடம் ஒப்படைத்தார்கள். வானம் பார்த்த பூமியான கரிசலில் காளியும் மாரியும் தெருவுக்குத் தெரு அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒப்படைப்பு நினைவுக்கு வரும். கொற்றவை என்ற பெயரும் அரசச் சொல்தான்: கொற்றம், அதனோடு அவ்வை. வெற்றிக்கு ஒரு தாய் இருந்தாள் என்று அச்சொல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கோயிலில் 'கோ' பாதிதான். மீதிப் பாதியான 'இல்' யாருக்கு உரியது? இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள், வீட்டை ஆள்பவள். அதற்கு ஆண்பால் கேட்டால் தமிழ் 'இல்லான்' என்று கையை விரிக்கும். இல்லானோ ஒன்றும் இல்லாத ஏழை. ஒரே ஓசையில் வந்து நிற்கும் இரு வேர்களின் விளையாட்டு அது, ஒன்று இடத்தைக் குறிக்கும் இல், மற்றது இன்மையைக் குறிக்கும் இல். தெரிந்தும் அந்த விளையாட்டை நான் ரசிக்கிறேன். கோ அவனுடையது, இல் அவளுடையது. கோவில்பட்டி ஆட்டோக்காரர் இல்லுக்கு உரியவளின் பெயரைச் சொல்லி வழிகேட்கச் சொன்னதில் பிழை என்ன?

கடவுள் என்ற சொல்லுக்கு வருவோம். கடந்தும் உள்ளும் இருப்பது என்று மேடையில் விளக்குவது காதுக்கு இனிமைதான். ஆயினும் செய்யுள், பொருள், இயவுள் என்று உள் ஈறு பெற்ற சொற்களின் வரிசையில் வைத்துப் பார்த்தால், கட என்னும் பகுதியோடு விகுதி சேர்ந்த ஒரு சொல்லாகவே எனக்குத் தோன்றுகிறது. இயவுள் என்பதும் இறைப்பெயர்தான். திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு வழங்குகிறது. கவனியுங்கள்: கடவுளிலும் இயவுளிலும் அன் இல்லை, அள் இல்லை. தெய்வம் என்பதோ அம் ஈறு பெற்று மரம், குளம், நிலம் ஆகியவற்றோடு அமர்ந்திருக்கிறது. அச்சொல் வடமொழித் 'தைவ'த்தின் வழிவந்தது என்பார் பலர். தீயோடு உறவுள்ள தமிழ் வேரே என்று வாதிட்டவர் பாவாணர். எப்படியானாலும் பால் காட்டாத சொல். குறுந்தொகையில் கபிலர் பாட்டொன்றில் மன்றத்து மரா மரத்தில் ஒரு கடவுள் உறைகிறது. கொடியவரை அது வருத்தும் என்று ஊரார் அஞ்சுகிறார்கள். அந்தக் கடவுள் அவனா, அவளா? கபிலர் காட்டிக்கொடுக்கவில்லை. வினைமுற்றைச் 'செய்யும்' வாய்பாட்டில் போட்டுவிட்டார். அம்முற்று ஆணுக்கும் செல்லும், பெண்ணுக்கும் செல்லும், ஒன்றுக்கும் செல்லும், பலவற்றுக்கும் செல்லும். அந்த உம்மை மனத்தில் இருக்கட்டும். பின்னால் அதனிடம் வருவேன்.

திருக்குறளின் முதல் அதிகாரத்துக்குத் தலைப்புதான் கடவுள் வாழ்த்து. குறட்பாக்களுக்குள் கடவுள் என்ற சொல்லே வராது. அங்கே வருபவை பகவன், வாலறிவன், இறைவன், அந்தணன், எண்குணத்தான். பத்துப் பாவையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், பத்திலும் அன், ஆன். பெயரே சொல்லாமல் தன்மையால் மட்டும் சுட்டிய வள்ளுவர்கூட ஈற்றில் தப்பவில்லை.

இன்னும் வேடிக்கையானது நம்மாழ்வாரின் இடர்ப்பாடு. இறைவன் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இரண்டும் அல்லாததும் இல்லை என்று திருவாய்மொழியில் அவர் அடுக்கடுக்காக மறுக்கிறார். மறுக்கும் சொல்லைப் பாருங்கள்: அல்லன், அல்லன், அல்லன். ஆணை விலக்கும் கதவிடுக்கிலேயே னகரம் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. அல்லது என்று போட்டிருந்தால் பால் போயிருக்கும், கூடவே உறவும் போயிருக்கும். கூவி அழைக்க ஓர் ஆள் வேண்டுமே அன்பருக்கு. திருச்சிராப்பள்ளி மலையில் ஒரு பெண்ணின் பேறுகாலத்துக்குத் தாயாக வந்தவர் என்று வழங்கும் இறைவனும் தாயுமானவன் ஆனாரே தவிர, தாயுமானவள் ஆகவில்லை. மாதொருபாகன் பாதி உடம்பைக் கொடுத்தும் ஈற்றைக் கொடுக்கவில்லை.

சரி, பெண்தெய்வப் பெயர்களிலாவது பெண்ணீறு நிலையாக நிற்கிறதா? இங்கேதான் தமிழ் நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறது. அம்மன் என்று சொல்லிப் பாருங்கள். அம்மையில் பிறந்த சொல், தாயைக் குறிக்கும் சொல், 'அம்மன் வந்தாள்' என்றே முடியும் சொல், ஈற்றிலோ அன். எப்படி வந்தது? தாய்க்கும் தலைவிக்கும் அம்மனை என்று ஒரு பழம்பெயர் உண்டு. அதன் ஐகாரம் தேய்ந்து அம்மன் நின்றது என்று கொள்வது எனக்கு ஏற்புடையது. அப்படியானால் அந்த 'அன்' ஆண்பால் விகுதியே இல்லை, உதிர்ந்த ஒரு சொல்லின் அடிமரம். நிலம் நிலனாவதும் நலம் நலனாவதும் பயம் பயனாவதும் நாம் அறிந்தவை. னகரத்தில் முடிந்ததெல்லாம் மீசை வைத்தது என்று நினைப்பது நம் கண்ணின் பிழை.

இதற்கு மறுபுறம் பெருமாள். ஓசையைக் கேளுங்கள்: ஆள். வேளின் மகள் வேண்மாள் ஆனாள். பதிற்றுப்பத்தின் சேர அரசியர் பெயரில் அவள் இருக்கிறாள். மகன் மான் ஆவதும் (கோமகன் கோமான், பெருமகன் பெருமான்) மகள் மாள் ஆவதும் ஒரே தச்சனின் வேலை. அந்தக் கணக்கில் பெருமகள்தான் பெருமாள் ஆகியிருக்கவேண்டும்! ஆகவில்லை. பெருமானின் திரிபு என்பார் சிலர்; பெருமை பெற்ற ஆள் என்று பிரிப்பார் சிலர். சேரமான் பெருமாள் என்று மன்னரும் பூண்ட பட்டம் அது, மறுபடியும் அரண்மனைச் சரக்கு. ஆக, பெண் போல் ஒலிக்கும் பெயரோடு ஆண்தெய்வமும், ஆண் போல் ஒலிக்கும் பெயரோடு பெண்தெய்வமும் ஒரே மார்கழி விடியலில் ஒரே ஒலிபெருக்கியில் நம்மை எழுப்புகிறார்கள். நாம் ஒரு நாளும் குழம்பியதில்லை.

கோவில்பட்டிக்கு வடமேற்கே திருவில்லிபுத்தூரில் இந்த ஆட்டம் இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஆண்ட + அவன் ஆண்டவன், வினையாலணையும் பெயர். ஆண்டவள் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் ஆண்டாள் இருக்கிறாள்! வினைமுற்று அப்படியே ஒரு பெண்ணின் பெயராகிவிட்டது. எழுவாய் தேடவேண்டாம், பயனிலையே அவள்தான். அங்கேயும் வழிகேட்டால் ஆண்டாள் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலைக்கு வாருங்கள். பாறையில் வரிவரியாகச் சமண உருவங்கள். தீர்த்தங்கரர்களோடு அம்பிகையும் பதுமாவதியும், இயக்கியர். வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியார் வருகிறார்கள், பெண் ஆசான்கள். குரு என்ற வடசொல்லுக்குத் தமிழ் விகுதி பூட்டிக் குரத்தி ஆக்கத் தயங்காத காலம் அது. ஆயிரத்து இருநூறு ஆண்டு இருக்கும். யட்சி என்பதை இயக்கி ஆக்கியதும் அதே துணிவுதான். இயக்குபவள் என்ற தமிழ்ப்பொருள் தற்செயலாகவா வந்து ஒட்டிக்கொண்டது, வேண்டுமென்றே ஒட்டவைத்தார்களா என்பது சுவையான கேள்வி. பிறகு யகரம் சகரமாயிற்று, உயிர் உசிர் ஆனதுபோல, நெயவு நெசவு ஆனதுபோல. இயக்கி இசக்கி ஆனாள். திருநெல்வேலிச் சீமையெங்கும் இசக்கியம்மன். அவளுக்கு உடன்பிறந்தாள் ஒருத்தி தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கிறாள்; கட்டபொம்மன் வணங்கிய ஜக்கம்மா. யக்ஷ என்பது பாகதத்தில் ஜக்க என்று ஒலிக்கும். அதில் அம்மா சேர்ந்தால் ஜக்கம்மா. ஜகத்தோடு சேர்த்துப் பிரிப்பாரும் உண்டு. எனக்கு இயக்கி வழியே இயல்பாகப் படுகிறது. தமிழ் வழி வந்தவள் இசக்கி, தெலுங்கு வழி வந்தவள் ஜக்கம்மா, முன்னோர் ஒருவரே.

தெலுங்கைச் சொன்னபின் கடந்துபோக முடியாது. கரிசலில் பாதி வீட்டு அடுப்படிகளில் அதுதானே பேச்சு. இடைசெவல் கி. ராஜநாராயணன் தமிழ் வட்டார வழக்குக்கு அகராதி தந்தவர், அவர் தாய்மொழி தெலுங்கு. அந்த மொழியில் ஒருமையில் பெண்ணுக்குத் தனி வினைமுடிபு இல்லை. வச்சாடு என்றால் அவன் வந்தான்; வச்சிந்தி என்றால் அவள் வந்தாள், அது வந்தது, இரண்டும். பெண்ணும் பசுவும் ஒரே ஈற்றில் நிற்கவேண்டியதுதான். தெய்வத்தாயை அங்கே நிறுத்த அவர்களுக்கு மனம் வராததால் பன்மைக்கு உயர்த்தி அம்மவாரு என்றார்கள். தேவுடுவுக்கு அந்தக் கவலை இல்லை, அவனுக்கு டுகரம் இருக்கிறது. துருக்கிய மொழியிலும் ஃபின்னிய மொழியிலும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அங்கெல்லாம் இந்தக் கட்டுரையை எழுதவே முடியாது.

கடல்வழி வந்த கிறித்தவ சமயமும் அரண்மனைக் கதவைத்தான் தட்டியது. 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயர் தம்பிரான் வணக்கம். பின்வந்தவர்கள் சர்வேசுரன், பராபரன், தேவன் என்று பெயர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வினையை மட்டும் மரியாதைப் பன்மையில் வைத்து, தேவன் சொன்னார் என்று அன்னையும் ஆரையும் இணைத்தார்கள். தமிழ் முஸ்லிம்களோ ஒருமையை விடமாட்டார்கள். இறைவன் ஒருவன், ஆகவே அல்லாஹ் சொல்கிறான். சொல்கிறார் என்றால் எண்ணிக்கை இடறும். மதிப்பு ஓரிடத்தில் பன்மையில் குடியிருக்கிறது, ஓரிடத்தில் ஒருமையில். ஆண்பால் இரண்டிலும் அசையவில்லை.

அதை அசைத்துப் பார்த்தவர் பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தார். 1917இல் வெளியான கண்ணன் பாட்டில் பாரதி கண்ணனைத் தோழனாக்கி, தாயாக்கி, சேவகனாக்கி, பாதி வழியில் பெயரையே திருப்பிவிட்டார்: கண்ணம்மா. கிருஷ்ணன் பாகதத்தில் கண்ஹன் ஆகி, தமிழில் கண்ணன் ஆகி, கண் என்னும் நம் சொல்லோடு கலந்துபோன பெயர் அது. அதில் அன்னை எடுத்துவிட்டு அம்மாவை வைக்க ஒரு கவிஞன் போதுமானதாக இருந்தது. உண்மையில் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்தார்கள். மாரிக்கு வேண்டிப் பிறந்த பையன் மாரியப்பன். மாடனுக்கு வேண்டிப் பிறந்த பெண் மாடத்தி. கருப்பசாமி பெயரால் கருப்பாயி, பெருமாள் பெயரால் பெருமாளம்மாள். இசக்கி என்ற பெயரில் மீசை வைத்த ஆட்கள் எத்தனையோ பேர். பெயர்ப்பதிவேட்டில் தெய்வங்கள் பாலை மாற்றிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன, யாரும் வியப்பதில்லை.

கடைசியாக, கரிசல்காட்டின் வாயில் எந்நேரமும் புழங்கும் ஒரே சொல்லுக்கு வருகிறேன்: சாமி. வடமொழிச் சுவாமி, உடைமைக்காரன், ஐயமில்லாத ஆண்பால். தமிழ்நாக்கில் வகரம் உதிர்ந்து சாமியானபோது கூடவே ஆண்மையும் உதிர்ந்துவிட்டது. இகர ஈறு, தோழி, தலைவியிலும் உண்டு, தம்பி, நம்பியிலும் உண்டு. காளியும் சாமி, அய்யனாரும் சாமி, மடியில் கிடக்கும் பேத்தியும் "என் சாமி". வினையைக் கேளுங்கள்: சாமி வந்திருச்சு, சாமி கேட்டுச்சு, சாமி எறங்கிருச்சு. அஃறிணை முடிபு. படித்தவர்கள் இதைக் கொச்சை என்பார்கள். அரசு, குழவி போன்றவை பொருளால் உயர்திணையாயினும் அஃறிணையாக முடியும் என்று தொல்காப்பியர் சொன்னதை அவர்கள் மறந்திருப்பார்கள். 'அரசு வந்தது' என்றால் அரசனுக்கு அவமதிப்பா? சாமி வந்ததும் அப்படி வந்ததுதான்.

பங்குனித் திருவிழாவில் தேர் பார்க்க ஒருமுறை கோயில் தெருவில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் ஆச்சி, இடுப்பில் பேரப்பிள்ளை. பிள்ளை கேட்டது, "ஆச்சி, இப்ப அம்மன் வருவாளா, சாமி வருவாரா?" பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பால் பிரித்துக் கேட்டது. ஆச்சி முந்தானையால் அதன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"சாமி வரும்."

கபிலரின் மரத்தடி உம்மை.